ஒற்றைச் சுரம்

நுழையும்முன்

திருமண அழைப்பிதழில் நாகசுரக் கலைஞரின் பெயர் இடம்பெறும். தவில் கலைஞரின் பெயரும் இடம்பெறும். தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே சுரத்தை இடைவிடாமல் ஊதிய ஒருவரும் அவர்களுடன் அமர்ந்திருந்தார். அவருடைய பெயரை அழைப்பிதழில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அவர் ஊதிய சுரம் என்ன செய்தது, அவர் இடத்திற்கு இன்று வந்திருப்பது எது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஏம்பலத்தில் ஒரு முகூர்த்த நாள்

புதுச்சேரியின் ஊரகப் பகுதியில், நெல்லும் கரும்பும் விளையும் வயல்களுக்கு நடுவே அமைந்த ஊர் ஏம்பலம். வில்லியனூரும் பாகூரும் அதன் அண்டைப் பகுதிகள். ஆவணியிலோ தையிலோ முகூர்த்த நாளின் விடியலில் அப்பக்கம் செல்வோர், பந்தலைக் காண்பதற்கு முன்னரே மேளத்தைக் கேட்டுவிடுவர். பந்தலின் ஓரத்தில் ஜமக்காளம் விரிக்கப்பட்டிருக்கும். நாகசுரக்காரர், தவில்காரர், தாளம் போடுபவர் என ஒரு குழு அமர்ந்திருக்கும். அவர்களுக்கு நடுவே, கைப்பையில் அடங்கிவிடும் அளவில் ஒரு பெட்டி இருக்கும். அதன் குமிழைத் திருகியவுடன் ஓர் ஒலி எழும். அது ஏறாது, இறங்காது, நிற்காது. நாகசுரக்காரர் சீவாளியை நாவில் நனைத்துக்கொண்டு, அந்த ஒலியைச் சிறிது நேரம் செவிமடுத்த பின்பே முதல் சுரத்தை ஊதுவார்.

அந்தப் பெட்டி வைக்கப்பட்டிருக்கும் இடத்தில் முன்பு ஒரு மனிதர் அமர்ந்திருந்தார். அவர் கையில் இருந்த கருவியின் பெயர் ஒத்து. 'அவன் எதற்கெடுத்தாலும் ஒத்து ஊதுகிறான்' என்று இன்றும் பேச்சில் வழங்குகிறோம். சொந்தக் கருத்து இல்லாதவன், வலியவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுபவன் என்பது அதன் பொருள். இசை மேடையிலிருந்து தெருப்பேச்சுக்கு இறங்கிய தொடர் இது. இறங்கும்போது பொருள் தலைகீழாகிவிட்டது. மேளத்தில் ஒத்து ஊதுபவர் நாகசுரக்காரரைப் பின்பற்றுவதில்லை. நாகசுரக்காரர்தாம் ஒவ்வொரு சுரத்தையும் ஒத்தின் சுரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டே செல்கிறார். யார் யாருக்கு ஒத்துப்போகிறார் என்று கேட்டால், விடை அந்தத் தொடருக்கு எதிராகவே அமையும்.

துளையிருந்தும் விரலில்லாக் குழல்

ஒத்து தோற்றத்தில் நாகசுரத்தை ஒத்தது. அதே மரம், அதே கூம்பு வடிவம், வாயில் வைக்க அதே நாணல் சீவாளி. நாகசுரத்தில் விரல்கள் மூடித் திறக்கும் ஏழு துளைகள் இருக்கின்றன. ஒத்தில் வாசிப்பதற்கான துளைகள் இல்லை. அடிப்பகுதியில் மட்டும் சில துளைகள் இருக்கும். அவற்றை மெழுகால் அடைத்தோ திறந்தோ நாகசுரத்தின் ஆதார சுரத்திற்கு ஏற்ப ஒருமுறை சேர்த்துவிட்டால், பிறகு அது எழுப்பும் சுரம் ஒன்றே. அது சட்சம், பழந்தமிழிசை மரபில் குரல் எனப்படும் சுரம்.

ஒரே சுரம்தானே என்று எளிதாக எண்ணிவிடலாகாது. ஒரு கோயில் வீதியுலா மூன்று மணிநேரம் நீளும். சில நாள்களில் விடிய விடிய நீளும். அவ்வளவு நேரமும் ஒத்தின் ஒலி அறுபடக் கூடாது. மனிதருக்கோ மூச்சு வாங்க வேண்டும். இம்முரணைத் தீர்க்கக் கலைஞர்கள் கண்ட வழி வியப்புக்குரியது. நுரையீரலில் காற்றுக் குறையும் தறுவாயில் கன்னங்கள் இரண்டையும் காற்றால் நிரப்பிக்கொள்வர். கன்னத் தசைகளை அழுத்தி அந்தக் காற்றைச் சீவாளிக்குள் செலுத்திக்கொண்டே, அதே நொடியில் மூக்கின் வழியே புதுக்காற்றை உள்ளிழுப்பர். காற்றின் விசை மாறினால் சுரமும் அசையும். ஆகவே நுரையீரலிலிருந்து கன்னத்திற்கும், கன்னத்திலிருந்து மீண்டும் நுரையீரலுக்கும் மாறும் அந்த இணைப்பு கேட்போருக்குத் தெரியவே கூடாது. பப்பாளி இலைக்காம்பின் ஒரு முனையைக் குவளை நீரில் அமிழ்த்தி, குமிழிகள் ஒருகணமும் நிற்காதவாறு ஊதிப் பார்த்தால் இதன் கடினம் மாணவருக்குப் புலப்படும். பலருக்கு முதல் நாளில் அரை நிமிடம்கூடக் கைகூடாது. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் டிஜெரிடூ என்னும் நெடுங்குழலை ஊதுவதும் இதே முறையில்தான். ஒருவரையொருவர் அறியாத இரு நிலங்களின் மக்கள் ஒரே தேவைக்கு ஒரே விடையைக் கண்டிருக்கின்றனர்.

மூச்சின் சிக்கலைக் கருவியிடமே ஒப்படைத்த மரபும் தமிழகத்தில் உண்டு. கோயில்களிலும் வீதிகளிலும் ஒலிக்கும் நாகசுரக் குழு 'பெரிய மேளம்' எனப்பட்டது. சதிராட்டத்திற்கு வாசித்த குழு 'சின்ன மேளம்' எனப்பட்டது. சின்ன மேளத்தில் துத்தி என்ற கருவி ஒற்றைச் சுரத்தை வழங்கியது. ஆட்டுத்தோலால் ஆன பையில் காற்றை ஊதி நிரப்பிக் கக்கத்தில் அழுத்தினால், பையில் பொருத்திய குழல் இடையறாமல் ஒலிக்கும். ஊதுபவர் மூச்சு வாங்கும்போதும் பையில் காற்று இருக்கும். ஸ்காட்லாந்து நாட்டின் தோற்பைக் குழலும் இதே அமைப்புடையது. அதில் பாடலை இசைக்க ஒரு குழலும், மாறாச் சுரத்திற்கென்றே மூன்று குழல்களும் உள்ளன.

மாறாத ஒலியும் மறக்கும் செவியும்

பாகூர்ப் பக்கத்து வயல்களில் இரவெல்லாம் பம்புசெட்டு ஓடிக்கொண்டிருக்கும். மோட்டார்க் கொட்டகைக்கு அருகில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பவர் சிறிது நேரத்தில் அந்த ஓசையை மறந்து உறங்கிவிடுவார். மின்சாரம் நின்றவுடன் திடுக்கிட்டு எழுந்துகொள்வார். ஓசை அவரை எழுப்பவில்லை. ஓசை நின்றது எழுப்பியது. மாறாமல் தொடரும் ஒன்றை மூளை பின்னணிக்குத் தள்ளிவிடுகிறது. மாறுவதை மட்டும் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஆனால் பின்னணிக்குத் தள்ளியதை அது கைவிட்டுவிடுவதில்லை. கைவிட்டிருந்தால் மோட்டார் நின்றது அவருக்குத் தெரிந்திருக்காது.

ஒத்தின் பயன் இந்த இயல்பின்மேல் அமைந்துள்ளது. கச்சேரி தொடங்கிச் சில நிமிடங்களில் கேட்போர் ஒத்தைக் கேட்பதாக உணர்வதில்லை. நாகசுரத்தின் கமகங்களையும் தவிலின் சொற்களையுமே கேட்கின்றனர். எனினும் ஒவ்வொரு சுரமும் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, எங்கே திரும்ப வேண்டியிருக்கிறது என்பதை அவர்கள் செவி அளந்துகொண்டே இருக்கிறது. அளவுகோல் அந்த மறக்கப்பட்ட ஒலியே. ஏரி நீர் ஏறியதையும் வற்றியதையும் மதகுக் கல்லின் கோட்டை வைத்துச் சொல்வது போன்றது இது. நீரோடு சேர்ந்து கல்லும் மிதந்தால் அளவு ஏது?

நெடுநேரம் கச்சேரி கேட்ட பின்னர் ஆதார சுரம் சட்டென்று நின்றுவிட்டால் அரங்கில் ஒருவகை வெறுமை பரவும். பாடகர் அதே சுரங்களைத்தான் பாடிக்கொண்டிருப்பார். ஆனால் அவை தரையை விட்டுக் கிளம்பியவை போலத் தோன்றும். சுருதியைத் தாய் என்றும் லயத்தைத் தந்தை என்றும் இசைவாணர் கூறுவது வெறும் மரியாதைச் சொல் அன்று.

ஐந்து கறுப்புக் கட்டைகள்

ஒற்றைச் சுரம் அளவுகோலாக மட்டும் இருப்பதில்லை. இராகம் எது என்பதையே அது தீர்மானிக்கிறது. தெருக்கூத்துக் குழுவிலோ பள்ளியிலோ ஓர் ஆர்மோனியம் கிடைத்தால் மாணவர் இதைத் தாமே செய்து பார்க்கலாம்.

ஆர்மோனியத்தில் கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகக் கூடி நிற்கும். ஒரு சுழற்சிக்கு ஐந்து. மூன்றாக நிற்பவற்றுள் முதல் கறுப்புக் கட்டையை ஒருவர் விடாமல் அழுத்திக்கொண்டிருக்க, மற்றொருவர் ஐந்து கறுப்புக் கட்டைகளை மட்டும் பயன்படுத்தி வாசித்தால் மோகனம் ஒலிக்கும். முல்லைநிலப் பண்ணோடு அறிஞர்கள் பொருத்திக் காட்டும் இராகம் அது. இப்போது வாசிப்பவர் தம் கட்டைகளை மாற்ற வேண்டியதில்லை. அழுத்திக்கொண்டிருப்பவர் மட்டும் அடுத்த கறுப்புக் கட்டைக்கு விரலை மாற்றட்டும். அதே ஐந்து ஒலிகள் மத்தியமாவதி ஆகிவிடும். அதற்கடுத்த கட்டையை ஆதாரமாக்கினால் இந்தோளம். பின்னர் இரட்டைக் கட்டைகளுள் முதலாவதை ஆதாரமாக்கினால் சுத்த சாவேரி. இரண்டாவதை ஆதாரமாக்கினால் சுத்த தன்யாசி. மகிழ்ச்சியாக ஒலித்தது ஏக்கமாக மாறும். ஏக்கம் அமைதியாக மாறும். வாசித்தவரின் விரல்கள் புதிதாக எதையும் தொடவில்லை. மாறியது, யாரும் கவனிக்காத அந்த ஒற்றைச் சுரம்.

இம்முறையை இன்றைய இசையில் கிரகபேதம் என்பர். தமிழர் இதனைப் பண்டே அறிந்திருந்தனர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு சுரங்களுள் ஒவ்வொன்றையும் குரலாக நிறுத்தி, செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை ஆகிய ஏழு பெரும்பாலைகளைப் பிறப்பித்தனர். சிலப்பதிகாரமும் அதற்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையும் இதற்குச் சான்றாகின்றன. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலும், விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியிட்ட 'யாழ் நூல்' என்னும் ஆய்வும் இந்தப் பாலைத் திரிபைக் கணக்கிட்டு விளக்கவே பல பக்கங்களைச் செலவிட்டன. குரல் எது என்று நிலைநிறுத்தப்படாவிட்டால் இக்கணக்குகள் எல்லாம் தாளிலேயே நின்றுவிடும். செவிக்கு அதை நிலைநிறுத்திக் காட்டுவது தொடர்ந்து ஒலிக்கும் சுரமே.

ஒன்றுக்குள் பல

ஒற்றைச் சுரம் என்று கூறிவந்தாலும், உண்மையில் அது ஒற்றை அன்று. தம்புராவின் அருகில் அமர்ந்து கண்களை மூடிக் கேட்டவர்கள், யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் அதிலிருந்து எழுவதைக் கேட்டிருப்பர். தம்புராவில் நான்கு தந்திகள். முதலாவது பஞ்சமம், அடுத்த இரண்டும் சாரணி எனப்படும் சட்சம், நான்காவது மந்தர சட்சம். காந்தாரத்திற்கு அங்கே தந்தியே இல்லை. பிறகு எப்படி ஒலிக்கிறது?

மேல்நிலை இயற்பியலில் பயிலும் மேற்சுரங்கள் இதற்கு விடை தருகின்றன. அதிரும் தந்தி முழுநீளத்திலும் அதிர்கிறது. அதே நேரத்தில் பாதியாகவும், மூன்றில் ஒன்றாகவும், நான்கில் ஒன்றாகவும், ஐந்தில் ஒன்றாகவும் பிரிந்து அதிர்கிறது. மந்தரத் தந்தி நொடிக்கு 65 அதிர்வுகள் எழுப்புவதாகக் கொள்வோம். அதனுடன் 130, 195, 260, 325 என்னும் அதிர்வுகளும் மெல்லியனவாக எழும். இவற்றுள் 130உம் 260உம் சட்சங்கள், 195 பஞ்சமம், 325 அந்தர காந்தாரம். யாரும் மீட்டாத காந்தாரம், மந்தரத் தந்தியின் ஐந்தாவது பகுதியாக உள்ளேயே இருந்தது. இசைவாணர் இதனைச் சுயம்பு காந்தாரம் என்பர்.

எல்லாத் தந்திகளிலும் மேற்சுரங்கள் உண்டு. தம்புராவில் மட்டும் அவை இவ்வளவு தெளிவாகக் கேட்பது ஏன் என்ற வினா எஞ்சுகிறது. இதை ஆராய்ந்தவர் சர் சி. வி. இராமன். ஒளிச்சிதறல் ஆய்வுக்காக 1930இல் நோபல் பரிசு பெறுவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர், 1921இல், கல்கத்தாவில் வீணையையும் தம்புராவையும் பற்றி அவர் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தைக் கணுவாகக் கொண்ட மேற்சுரங்கள் எழமாட்டா என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோரின் பெயரால் வழங்கும் விதி. தம்புராவில் அவ்விதி பொய்த்துப்போவதை இராமன் கண்டார். காரணம் அதன் குதிரையில் இருந்தது. பிற தந்திக் கருவிகள் பலவற்றில் தந்தி கூரிய விளிம்பின்மேல் அமரும். தம்புராவில் அகன்ற, மிக மெல்லிதாக வளைந்த பரப்பின்மேல் படிந்திருக்கும். அதிரும்போது தந்தி அப்பரப்பை உரசி உரசி விலகுகிறது. அந்த உரசலே எழக்கூடாத மேற்சுரங்களையும் எழுப்பிவிடுகிறது. தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஒரு பருத்தி நூலைச் செருகி, மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஒலி ரீங்கரிக்கும் இடத்தில் நிறுத்துவர். அந்த நூலுக்குப் பெயர் சீவா. உயிர் என்பது பொருள். நூல் விலகினால் தம்புரா ஒலிக்கும், ஆனால் இரையாது. பெயரிட்டவர்கள் ஆய்வுக்கூடம் காணாதவர்கள். எனினும் உயிர் எங்கே இருக்கிறது என்று சரியாகவே சுட்டியிருக்கின்றனர்.

ஒத்தின் ஒலியிலும் மேற்சுரங்கள் செறிந்திருக்கும். பாடகரோ நாகசுரக்காரரோ எழுப்பும் பஞ்சமம், ஆதார சுரத்தில் ஏற்கெனவே உறையும் பஞ்சமத்தோடு கலந்து கரையும்போதே 'சுருதி சேர்ந்தது' என்கிறோம். கரையாவிட்டால் என்ன நேரும்? 260 அதிர்வுகள் கொண்ட ஒலியும் 262 அதிர்வுகள் கொண்ட ஒலியும் ஒருங்கே ஒலித்தால், நொடிக்கு இரண்டு முறை ஒலி பெருகிச் சுருங்கும். இயற்பியலில் இதனை விம்மல் என்கின்றனர், அழகான சொல். மேடையில் தம்புராவுக்குச் சுருதி கூட்டுபவர் பிருடையைத் திருகிக்கொண்டே தலையைச் சாய்த்துக் கேட்பது இந்த விம்மலைத்தான். விம்மல் மெதுவாகி, மிக மெதுவாகி, முற்றிலும் நின்றவுடன் அவர் கை நின்றுவிடும்.

தெரிந்து தெளிவோம்: பாரியும் திமிரியும்

நாகசுரத்தில் நீளம் குறைந்து உச்ச ஒலி தருவது திமிரி. நீளம் மிகுந்து தாழ்ந்த ஒலி தருவது பாரி. முன்னர்த் திமிரியே பெரிதும் வழக்கில் இருந்தது. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) பாரி நாகசுரத்தைக் கச்சேரி மேடையில் நிலைபெறச் செய்தார். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்யப்படும் நாகசுரத்திற்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளிலிருந்து பெறப்படும், பல்லாண்டு உலர்ந்த மரத்தையே கைவினைஞர் விரும்புகின்றனர். சீவாளி காவிரிக்கரை நாணலிலிருந்து செய்யப்படுகிறது.

ஒத்துக்காரரின் இடம்

பெரிய மேளத்தில் ஒத்து ஊதும் பொறுப்பு இருவகையினரிடம் இருந்தது. ஒருவகையினர் குருகுலத்தில் தங்கிக் கற்ற இளைஞர்கள். ஆசிரியர் வாசிக்கும்போது அருகில் அமர்ந்து ஒத்து ஊதுவதும் தாளம் போடுவதும் அவர்கள் பயிற்சியின் பகுதி. இராகம் வாசிக்க அனுமதி கிடைப்பதற்கு முன்னர், ஆண்டுக்கணக்கில் ஒரு சுரத்தை மட்டும் ஊதிக்கொண்டே, அதன்மேல் ஆசிரியர் எழுப்பும் மாளிகைகளை அவர்கள் கேட்டனர். அடித்தளத்தின் மீது ஒவ்வொரு கல்லும் எப்படி அமர்கிறது என்று தளத்தில் இருந்தவாறே பார்க்கும் வாய்ப்பு அது. இரண்டாம் வகையினர், ஏதோ காரணத்தால் நாகசுரத்திற்கு உயராமல் ஒத்தோடு நின்றுவிட்டவர்கள். அவர்களுக்குக் குழுவில் கிடைத்த மதிப்பும் ஊதியமும் குறைவு. இரவெல்லாம் கன்னம் வீங்க ஊதியவர் கடைசியில் நின்று சிறுதொகையைப் பெற்றுச் சென்றார். 'ஒத்து ஊதுகிறான்' என்ற ஏளனத்தின் பின்னே இந்தச் சமூக இடமும் இருக்கிறது என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

இந்நிலையில்தான் சுருதிப்பெட்டி வந்தது. ஐரோப்பியரோடு வந்த ஆர்மோனியத்தின் உறவினம் அது. துருத்தியை ஒரு கையால் மெதுவாக அசைத்தால், உள்ளிருக்கும் உலோக நாக்குகள் அதிர்ந்து ஒலிக்கும். கன்னம் வலிக்காது, தனிப்பயிற்சி வேண்டியதில்லை. ஒரு சிறுவனே இயக்கலாம். அதன்பின் 1970களின் இறுதியில், குழலிசைக் கலைஞரும் பொறியாளருமான பெங்களூரு ஜி. ராஜ் நாராயண் போன்றோரின் முயற்சியால் மின்னணுக் கருவிகள் வந்தன. அச்சிறுவனும் தேவைப்படவில்லை. இன்று கைப்பேசியில் ஒரு செயலியே போதும். எந்தக் கட்டை வேண்டும் என்று விரலால் தொட்டால் ஒலிக்கிறது. நாகசுர மேடைகளில் ஒத்தைக் காண்பது அரிதாகிவிட்டது.

இதை இழப்பு என்று மட்டும் எழுதிவிட இயலாது. சிறு குழுக்களின் வருவாய் சிறியது. ஏம்பலம் போன்ற ஊர்களில் ஒரு திருமணத்திற்கோ காதுகுத்துக்கோ பேசப்படும் தொகையை ஐவர் பங்கிடுவதைவிட நால்வர் பங்கிடுவது அவர்களுக்கு நிறைவு தரும். ஒருவரின் வாழ்நாளையே ஒரு சுரத்தில் கட்டிவைத்த ஏற்பாடு மறைந்ததில் வருந்த வேண்டியதும் இல்லை. ஆயினும் பெட்டி ஒத்தின் வேலையை முழுமையாகச் செய்கிறதா என்பது வேறு வினா. அதற்கு இயற்பியலே ஒரு விடை தருகிறது.

வெயில் ஏற ஏற

காற்றில் ஒலியின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். 25 பாகையில் நொடிக்கு 346 மீட்டராக இருக்கும் வேகம், 35 பாகையில் 352 மீட்டராகும். குழற்கருவியின் சுரம் இவ்வேகத்தைச் சார்ந்தது. ஆகவே விடியற்காலையில் நொடிக்கு 260 அதிர்வுகளில் நின்ற ஒரு சுரம், நண்பகலில் அதே குழலில் 264ஐத் தாண்டிவிடும். ஊதுபவரின் மூச்சு வெப்பமும் குழலுக்குள் இருப்பதால் ஏற்றம் சற்றுக் குறையலாம்; ஆயினும் ஏற்றம் உண்டு. சீவாளியும் ஈரத்தில் ஊறி, வெயிலில் காய்ந்து, தன் போக்கில் சுரத்தை அசைக்கும்.

மின்னணுப் பெட்டிக்கு வெயில் தெரியாது. காலையில் 260 என்று சொன்னால் நண்பகலிலும் 260தான். நாகசுரம் மேலே சென்றுவிட, பெட்டி கீழேயே நிற்க, இரண்டுக்கும் இடையே நொடிக்கு மூன்று நான்கு விம்மல்கள் எழும். கேட்போருக்குக் காரணம் தெரியாது. ஏதோ உறுத்துகிறது என்று மட்டும் தோன்றும். நாகசுரக்காரர் அதைத் தம் உதட்டால் சரிசெய்ய வேண்டும். சீவாளியைச் சற்று வெளியே இழுத்தோ, உதட்டின் அழுத்தத்தைத் தளர்த்தியோ சுரத்தைக் கீழே கொண்டுவருவார். அல்லது பாட்டுக்கு நடுவே குனிந்து பெட்டியின் நுண்குமிழைத் திருகுவார். அது சுருதிப்பெட்டிகளில் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் உலாவில் நடந்துகொண்டே வாசிக்கும்போது கைகள் இரண்டும் குழலில் இருக்கும்.

ஒத்து இந்தச் சிக்கலை எழவே விடவில்லை. அதுவும் குழல், அதிலும் நாணல் சீவாளி. அதே பந்தலின் காற்றில், அதே வெயிலில், அதே பனியில் அது நாகசுரத்தின் பக்கத்தில் ஒலித்தது. நாகசுரம் எவ்வளவு ஏறியதோ ஏறத்தாழ அவ்வளவே அதுவும் ஏறியது. எஞ்சிய சிறு வேறுபாட்டை ஊதுபவர் செவியால் உணர்ந்து மூச்சால் ஈடுசெய்தார். மாறாத சுரம் என்று அதைச் சொன்னாலும், அது உலகத்தின் மேல் கண்மூடி நின்ற மாறாமை அன்று. துணைக் கருவியோடு சேர்ந்து நகர்ந்த மாறாமை.

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டம் வைகாசியில் நடைபெறுகிறது. தேர் நிலையிலிருந்து புறப்படும் காலை வேளையில் வெயில் ஏறத் தொடங்கிவிடும். அத்தகைய உலாக்களில் தேருக்கு முன்னே நடக்கும் மேளக்காரரைக் கூர்ந்து நோக்கினால், நாகசுரத்தின் மேற்பகுதியில் கயிற்றில் கட்டித் தொங்கவிடப்பட்ட சீவாளிகள் சிலவற்றைக் காணலாம். தவில் தனித்து முழங்கும் இடைவேளையில் அவர் ஒன்றைக் கழற்றி மற்றொன்றைப் பொருத்துவார். மெல்ல ஊதிப் பார்ப்பார். தோளில் மாட்டிய பையிலிருந்து பெட்டி ஒலித்துக்கொண்டிருக்கும். அதன் பக்கம் காதைச் சாய்ப்பார். சேரவில்லை என்றால் அடுத்த சீவாளியை எடுப்பார்.